தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள்?

1. பச்சை பட்டன்

பச்சை பட்டன் மேல் என் கட்டைவிரல் இருந்தது. பின்னாலிருந்து ஒரு கத்தல் வந்தது.

"டேய்! கையை எட்றா!"

கத்தியவர் எங்கள் ஃபோர்மேன் சவரிமுத்து. என்னைவிடப் பத்து வயது இளையவர். அதுவரை என்னை 'ஏழுமலை அண்ணே' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் சுவரில் போய் மோதினேன்.

"உள்ள ஆளு இருக்குதுண்ணே! கன்னியம்மா உள்ள இருக்குது. நீதானே அனுப்புன?"

இது 2004-இல், மரக்காணத்தில் உப்பு அரைக்கிற ஒரு மில்லில் நடந்தது. மில்லின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நான் அங்கே பேனல் போர்டு ஆபரேட்டர். உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பைக் கழுவி, அரைத்து, கடைசியில் மிக்ஸர் என்கிற பெரிய இரும்புத் தொட்டியில் போட்டு, அயோடின் கரைசல் தெளித்துக் கலக்குவோம். தொட்டிக்குள் நீளமாக ஒரு ஷாஃப்ட், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு பிளேடுகள். உப்பு ஈரத்தை இழுத்துத் தொட்டிச் சுவரில் கட்டி தட்டிப்போகும். அதனால் தினமும் மத்தியானம் மெஷினை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து, சுரண்டியோடு பெண்கள் உள்ளே இறங்குவார்கள். அதற்கு முன்னால், மெஷினுக்குக் கரண்ட் போகாதபடி, நான் போர்டில் இருக்கும் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி வைக்க வேண்டும். எல்லாரும் ஏறி வந்த பிறகு திரும்பச் சொருக வேண்டும். என் போர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் ஒரு சுவர். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது என் கண்ணுக்குத் தெரியாது. ஞாபகத்தில்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு பீஸ் கட்டையைப் பிடுங்கியதும் நான்தான், "இறங்கும்மா" என்று சொன்னதும் நான்தான். அதற்குள் ஆபீஸ் போன் அடித்தது. மீட்டர் ரீடிங் கேட்டார்கள். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பீஸ் கட்டை வெளியே கிடக்கிறதே என்று எடுத்துச் சொருகினேன், கை தானாக பட்டனுக்குப் போனது. கன்னியம்மாவை அனுப்பியது என் தலையில் துளிகூட இல்லை. மறந்துவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

சவரிமுத்து என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாருகிட்டயும் சொல்லாதண்ணே. முதலாளிக்குத் தெரிஞ்சா உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். கன்னியம்மாவுக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா நாளையிலேர்ந்து ஒருத்தியும் இறங்க மாட்டா."

கன்னியம்மா தலைத் துணியை உதறிக்கொண்டே ஏறி வந்து, "இன்னாண்ணே சத்தம்?" என்று கேட்டாள். "எலிம்மா" என்றேன். எலியாம்! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

2. டாக்டர் கேட்ட கேள்வி

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. என் அப்பா கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து, "நீ யாரு தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டவர். வீட்டை விட்டுக் கிளம்பிப் போய், திரும்பி வர வழி தெரியாமல் நிற்பார், நான் போய்க் கூட்டி வருவேன். எனக்கும் அதுவே ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பெயர்களை மனதுக்குள் அடிக்கடி சொல்லிப் பார்த்துக்கொள்வேன், வந்துவிட்டால் ஒரு நிம்மதி.

கடைசியில் பயம் தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொல்லவில்லை, "மறதியா இருக்குது சார்" என்று மட்டும் சொன்னேன்.

"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"நாலு, நாலரை இருக்கும் சார். டபுள் டூட்டி பாக்குறேன்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"டீ குடிப்பேன் சார்."

"நான் தண்ணியைக் கேட்டேன்."

உப்பு மில் வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட நான் குடித்ததில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் இன்னும் நிறையக் கேட்டார். இது என்ன மாசம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு வந்திருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. முதல்ல டபுள் டூட்டியை நிறுத்துங்க. ஏழு மணி நேரம் தூங்குங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க. ஒரு வேலை பாதியில இருக்கும்போது இன்னொரு வேலையில கை வெக்காதீங்க. அப்பவும் சரியாகலன்னா வாங்க, பாக்கலாம்."

மாத்திரை தருவார் என்று போனவனுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனாலும் டபுள் டூட்டியை விட்டேன். "இன்னாய்யா, ஓ.டி. வேணாம்னு சொல்லிட்டியாமே, லாட்டரி அடிச்சிருச்சா?" என்று என் சம்சாரம் பிடித்துக்கொண்டாள். முதுகு வலி என்றேன். அந்த வருஷம் முழுவதும் வாயைத் திறந்தால் பொய்தான். ஆபீஸ் போன் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். பீஸ் கட்டை வெளியே இருக்கிற நேரத்தில் போன் தொண்டை கிழிய அடித்தாலும் எடுக்க மாட்டேன். திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

3. தனியாகப் பேசுகிறவன்

தூக்கம் சரியானதும் தலை கொஞ்சம் தெளிந்தது. ஆனால் பயம் போகவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணி ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வராது. அதனால் எனக்கு நானே சில வழக்கங்களைப் போட்டுக்கொண்டேன்.

முதலாவது, வாய்விட்டுச் சொல்வது. பீஸ் கட்டை ஒவ்வொன்றையும் தொட்டு, "ஒண்ணு எடுத்தாச்சு, ரெண்டு எடுத்தாச்சு, மூணு எடுத்தாச்சு, உள்ள கன்னியம்மா" என்று சத்தமாகச் சொல்வேன். மனதுக்குள் நினைத்தது காற்றோடு போய்விடும். கை தொட்டு, வாய் சொல்லி, காது கேட்டது அவ்வளவு சீக்கிரம் போகாது. நம்பாதவர்கள் வீட்டைப் பூட்டும்போது "பூட்டிட்டேன்" என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். பாதி வழியில் சந்தேகம் வராது.

கன்னியம்மாவுக்கு இது நல்ல தமாஷாகிவிட்டது. "ஏழுமலை அண்ணன் போர்டுகிட்ட குடும்பம் நடத்துது. யாராச்சும் வேப்பிலை எடுத்தாங்கடி!" என்று மில்லே கேட்கிற மாதிரி கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். யாருக்காகப் பேசுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாவது, சாயங்காலம் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது அன்றைக்கு நடந்ததைப் பின்னாலிருந்து முன்னால் சொல்லிப் பார்ப்பது. கேட்டைத் தாண்டியது, அதற்கு முன் கை கழுவியது, அதற்கு முன் கடைசி லோடு. முதல் வாரத்தில் மத்தியானத்துக்கு மேல் நகரவில்லை. நடுவில் பெரிய பெரிய ஓட்டை. இரண்டு மாதத்தில் காலை டீயில் எத்தனை ஈ மொய்த்தது என்பது வரைக்கும் வந்தது.

மூன்றாவது செருப்பு. சாப்பிடுகிற உப்பு என்பதால் காலைக் கழுவிக்கொண்டு வெறுங்காலோடுதான் தொட்டியில் இறங்க வேண்டும் என்பது மில் சட்டம். செருப்பை மிக்ஸர் படிக்கட்டில் விட்டுப் போவார்கள். போர்டிலிருந்து நாலு எட்டு நடந்து எட்டிப் பார்த்தால் படிக்கட்டு தெரியும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. செருப்பு இல்லாவிட்டால் ஆள் இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு, எனக்கு விமோசனம் வந்துவிட்டதாக நினைத்தேன்.

4. அஞ்சலையின் பாத்திகள்

சுனாமிக்குப் பிறகு, 2005 கோடையில் அஞ்சலை வேலைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பதினைந்து வருஷம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூன்று வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை யார் லீவு, எந்த லாரி எத்தனை மூட்டை ஏற்றியது என்று கேட்டால் பட்டென்று சொல்வாள். சூப்பர்வைசர் நோட்டுப் புரட்டி முடிப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருப்பாள்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஒரு நாள் டீ நேரத்தில் கேட்டேன், "எப்படிம்மா இதெல்லாம் தலையில நிக்குது?"

"தலையில எங்கண்ணே நிக்குது? பாத்தியில நிக்குது."

"இன்னாம்மா சொல்ற?"

"நான் வேலை செஞ்ச அளத்துல வரிசையா பதினாலு பாத்தி. கண்ணை மூடிக்கினு வரப்பு மேல நடப்பேன். மொத பாத்தியில மண்ணெண்ண டப்பா மிதக்கும், அப்போ மண்ணெண்ண வாங்கணும். ரெண்டாவதுல எங்க நாத்தனா இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு திட்டும், அப்போ அது வூட்டு விசேஷத்துக்குப் போவணும். இப்படியே வெச்சிக்கினு போவேன். திரும்ப நடந்தா எல்லாம் அங்கங்க கெடக்கும்."

"அந்த அளம்தான் சுனாமியில சேறாப் போச்சே?"

"வெளிய போச்சு. எனக்கு அப்படியேதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்குப் பாத்தி தெரியாது. ஆனால் மில்லுக்கு வருவதற்கு முன் மரக்காணம் - பாண்டிச்சேரி ரூட்டில் ஏழு வருஷம் பஸ் கிளீனராக ஓடியவன். ஸ்டாப்பிங் தெரியாதா? மரக்காணம் விட்டால் அனுமந்தை, கூனிமேடு, காலாப்பட்டு, பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரையும் ஒரு ஸ்டாப்பிங்கில் உட்கார வைத்தேன். சும்மா உட்கார வைத்தால் நிற்காது, கோமாளித்தனமாக வைத்தால்தான் நிற்கும் என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். அதனால் அனுமந்தையில் கன்னியம்மா தலையில் ஒரு முழு சுறாவோடு நிற்பாள். கூனிமேட்டில் அஞ்சலை உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, மூட்டைக்குக் குடை பிடிப்பாள். ஏறி வந்தவர்களை என் கண்ணால் பார்த்தால்தான் பஸ்ஸில் ஏற்றுவேன். எல்லாரும் ஏறாமல் பஸ் கிளம்பாது. கிளீனராக இருந்தபோது இந்தப் பொறுப்பு இருந்திருந்தால் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்காமல் இருந்திருப்பேன்.

5. மழை நாள்

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. உப்பு ஈரத்தில் கல்லாக இறுகியது. சவரிமுத்து வீட்டு விசேஷம் என்று லீவு. வெளியே லாரி பாதி லோடோடு நின்றது, மேனேஜர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே அலைந்தார்.

பதினொரு மணிக்கு மெஷினை நிறுத்தி, பீஸ் கட்டையைப் பிடுங்கி, வாய்விட்டுச் சொல்லி, கன்னியம்மாவையும் அஞ்சலையையும் உள்ளே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஊரிலேயே கரண்ட் போய்விட்டது. உள்ளே இருட்டு என்று கன்னியம்மா மேலே வந்து, என்னைக் கடந்து டீக்குப் போனாள். அரை மணி கழித்துக் கரண்ட் வந்தது. மேனேஜர் போர்டுக்கே வந்துவிட்டார்.

"போடுய்யா, போடுய்யா! டிரைவர் கத்துறான்."

போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு செருப்பும் இல்லை. வந்து மூன்று பீஸ் கட்டைகளையும் சொருகினேன். பச்சை பட்டனில் விரலை வைத்தேன். வழக்கப்படி பஸ்ஸை எடுத்தேன். அனுமந்தையில் சுறாவோடு கன்னியம்மா ஏறிவிட்டாள். கூனிமேட்டில் குடை இன்னும் விரிந்திருந்தது.

விரலை எடுத்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"சார், அஞ்சலை வந்தத நான் பாக்கல."

"செருப்புதான் இல்லியே. நீயே இப்போ பாத்துட்டுதானே வந்த? டீக்குப் போயிருக்கும். போடுய்யா!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. செருப்பு இல்லை. கரண்ட் போனால் எல்லாரும் வெளியே வருவார்கள். ஒருவேளை அஞ்சலை என்னைக் கடந்து போய், நான்தான் மறந்திருந்தால்? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு முழு மனுஷியை மறந்தவன்தானே நான்? இந்த உலகத்திலேயே நான் நம்பாத ஒன்று என் ஞாபகம்தான். அதை நம்பி மேனேஜரை எதிர்த்து நிற்கவா? அப்பாவின் முகம் வேறு வந்து தொலைத்தது.

"நீ போடுறியா, நான் போடட்டுமா?" என்று மேனேஜர் கையை நீட்டினார்.

அவர் கைக்கு முன்னால் நான் பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓடினேன். "வேலைய விட்டுத் தூக்கிடுவேன்யா!" என்று பின்னால் கேட்டது. மிக்ஸர் படியில் நின்று, "அஞ்சலை! அஞ்சலை!" என்று கத்தினேன். பதில் இல்லை. தகரக் கூரை மேல் மழை அடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதில் இல்லாததால் ஆள் இல்லை என்று திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மூடி வழியாகத் தலையை விட்டேன்.

ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம், பிளேடுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து அஞ்சலை சுரண்டிக்கொண்டிருந்தாள். உப்புத் தூள் போகாமல் இருக்க காது, மூக்கு எல்லாவற்றையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் காலில் செருப்பு இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள்.

படியில் கன்னியம்மா விட்டுப்போன சுரண்டியை எடுத்து இரும்பில் தட்டினேன். நிமிர்ந்து பார்த்து, முகத்துத் துணியை அவிழ்த்தாள். "இன்னாண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

"செருப்ப ஏம்மா போட்டுக்கினு எறங்குன?"

சட்டத்தை மீறியதற்காகத் திட்டுகிறேன் என்று பயந்துவிட்டாள். "குதிகால் வெடிச்சு ரத்தம் வருதுண்ணே. உப்பு பட்டா உசுரு போவுது. சொன்னா இன்னிக்கு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் கவர் சுத்திக்கினேன், உப்புல படல. யாராச்சும் பாத்துடுவாங்கன்னுதான் கரண்ட் போனப்பவும் வெளிய வரல. மேனேஜர்கிட்ட சொல்லாதண்ணே."

அவளைக் கை கொடுத்து மேலே தூக்கினேன். மேனேஜர் படிக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய் லாரி டிரைவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொன்னார். நான் மில்லுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

6. சொல்ல வேண்டியதைச் சொன்னது

அன்று மத்தியானச் சாப்பாட்டில் கன்னியம்மா, அஞ்சலை இருவர் முன்னாலும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்றைக்கு நடந்தது, போன வருஷம் நடந்தது, எலி என்று சொன்னது. சவரிமுத்து பெயரை மட்டும் விட்டுவிட்டேன். சொல்லாமல் இன்னொரு மத்தியானத்தை என்னால் தாண்ட முடியாது.

கன்னியம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"அடப்பாவி! ஒண்ணர வருஷமா உன்ன நம்பி எறங்கிக்கினு இருந்தேனே! எனக்கு மூணு புள்ளைங்கடா!" என்று அழுதாள். அண்ணன் போய் டா வந்துவிட்டது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

அஞ்சலை அழவில்லை. "அந்தக் கட்டை மூணும் இல்லன்னா மெஷினு ஓடாது, இல்ல?" என்று கேட்டாள்.

"ஓடாது."

"வேற கட்டை இருக்குதா?"

"ஸ்டோர்ல இருக்குது. சாவி சவரிமுத்துகிட்ட."

"அப்போ நாளையிலேர்ந்து அத எங்ககிட்ட குடு. உள்ள போறவ மடியில கட்டிக்கினு போவட்டும், ரெண்டு பேருன்னா பிரிச்சு எடுத்துக்கினு போவட்டும். வெளிய வந்து அவ கையால குடுத்தாத்தான் நீ சொருகணும்."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் போர்டு பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. மறுநாள் சவரிமுத்துவிடம் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "செய்யுங்க" என்றார். வேறு கட்டையை யாரும் எடுத்துவிடாதபடி, ஸ்டோர் சாவியைத் தன் இடுப்புக் கயிற்றிலேயே முடிந்துகொண்டார்.

இதை எழுதச் சொன்ன தம்பிகள், ஞாபகசக்திக்கு என்ன வழி என்று கேட்டார்கள். என் வழிகளை மேலே சொல்லிவிட்டேன். தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை, வாய்விட்டுச் சொல்லுங்கள், தெரிந்த பாதையில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாம் பலிக்கும், எனக்குப் பலித்தது. "ஏதோ ஒண்ணு குறையுதே" என்று மனது இழுத்தால் யார் கத்தினாலும் நில்லுங்கள். ஆனால் அடுத்தவர் உயிரை மட்டும் ஞாபகத்தில் வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல ஞாபகமாக இருந்தாலும். அது அவரவர் கையிலேயே இருக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சவரிமுத்துவிடம் சொன்ன அன்றைக்கு மத்தியானம் கன்னியம்மா என்னிடம் பேசாமல் வந்து கையை நீட்டினாள். மூன்று கட்டைகளையும் வைத்தேன். முந்தானையில் போட்டு முடிந்து, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக உள்ளே இறங்கினாள். நான் போர்டை விட்டு வந்து, வெளியே மூட்டை மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக வேலை நேரத்தில் பசித்தது.